உலோகத்தைச் சாரமாகக் கட்டிக் கண்ணி கோப்பது: கோத்த மூலக்கூறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று கேட்பவர்களிடம் "மூலக்கூறுகளை ஒட்டாமல் கோப்பது" என்று சொன்னால் அடுத்து வரும் கேள்விகள் எனக்கு இப்போது மனப்பாடம். வேதியியல் படித்தவர்கள் ஒரு மாதிரி கேட்பார்கள், படிக்காதவர்கள் வேறு மாதிரி. இரண்டையும் கலந்து இங்கே எழுதி வைக்கிறேன். பிளஸ் டூவில் அணைவுச் சேர்மங்கள் பாடத்தைத் தூங்காமல் கேட்டிருந்தால் போதும். தூங்கியிருந்தாலும் சமாளிக்கலாம்.

கோத்த மூலக்கூறு என்றால் என்ன?

கழுத்துச் சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு கண்ணியை அடுத்த கண்ணியோடு யாரும் பற்றவைக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பிரிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கண்ணியை வெட்டித்தான் ஆகவேண்டும். இரண்டு வளைய மூலக்கூறுகள் இப்படிக் கோத்து நின்றால் அது கேட்டினேன். லத்தீனில் கேட்டினா என்றால் சங்கிலி.

இன்னொரு வகை ரோட்டாக்சேன். ஒரு நீளமான மூலக்கூறு வளையத்துக்குள் நுழைந்திருக்கும். அதன் இரு முனைகளிலும் வளையம் கழன்று விழாதபடி பருத்த தொகுதிகள் இருக்கும். மாட்டுவண்டி அச்சில் சக்கரத்தை மாட்டிக் கடையாணி போடுவது ஞாபகம் வந்தால் சரி. மூன்றாவது வகை முடிச்சு. அதில் ஒரே வளையம்தான், ஆனால் அவிழ்க்க முடியாதபடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டது.

வளையங்களுக்கு நடுவே பிணைப்பே இல்லை என்றால் அது எப்படி ஒரே மூலக்கூறு ஆகும்?

எலக்ட்ரான் பங்கீடு இல்லைதான். ஆனால் இரண்டையும் பிரிக்க ஒரு சகப்பிணைப்பையாவது உடைக்க வேண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் கரைப்பானை மாற்றினாலும் பிரியாது. அதனால் ஒரே மூலக்கூறு என்றுதான் கணக்கு. இதற்கு இயந்திரப் பிணைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வளையம் செய்யத் தெரியும், கம்பி செய்யத் தெரியும். சேர்த்துக் கலக்கினால் ஆகாதா?

அப்படித்தான் தொடங்கினார்கள். 1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எடெல் வாஸர்மேன் 34 அணுக்கள் கொண்ட ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு, அதன் முன்னிலையில் இன்னொரு நீளச் சங்கிலியை வளையமாக மூடினார். மூடும் நேரத்தில் சங்கிலி தற்செயலாக வளையத்துக்குள் நுழைந்திருந்தால் கேட்டினேன் கிடைக்கும். கிடைத்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. கிடைத்தது என்று கண்டுபிடிப்பதற்கே முதல் வளையத்தில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனை வைத்து அடையாளம் போட வேண்டியிருந்தது.

1967இல் ஹாரிசன் தம்பதியர் வேறு வழி பார்த்தார்கள். வளையத்தை ஒரு பிசின் மணியோடு கட்டிவிட்டு, அதன்மேல் அச்சையும் கடையாணிகளையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். எழுபது முறை. முடிவில் 6 சதவீதம் ரோட்டாக்சேன். அந்தப் பொறுமைக்கே ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

ஜெர்மனியில் ஷில்லும் லுட்ரிங்ஹவுஸும் 1964இல் அதிர்ஷ்டத்தை நம்பாமல், சகப்பிணைப்பாலேயே எல்லாவற்றையும் சரியான இடத்தில் பிடித்துவைத்து, கடைசியில் அந்தப் பிணைப்புகளை வெட்டிவிட்டார்கள். யோசனை பிரமாதம். ஆனால் படிகள் ஏராளம், வேறு யாரும் அந்த வழியில் வரிசையாகப் போகவில்லை.

தட்டான் கண்ணி கோக்கும்போது ஒரு கையில் சாமணம் இருக்கும். திறந்த கம்பியைப் பிடித்து, மூடிய வளையத்துக்குள் விட்டு, அப்புறம் முனைகளைச் சேர்ப்பார். மூலக்கூறைச் சாமணத்தால் பிடிக்க முடியாது. பிடித்துக்கொள்ள வேறு ஒரு கை வேண்டும்.

அந்தக் கைதான் உலோகமா?

ஆமாம். இதுதான் இந்தப் பக்கத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1983இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ழான்-பியர் சோவாஜ், கிறிஸ்டியான் தீட்ரிஷ்-புஷெக்கர், கின்ட்ஸிங்கர் ஆகிய மூவரும் வெளியிட்ட வழி இது. உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறை ஈனி என்பார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஈனி பினந்த்ரோலின். மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு. அதில் இரண்டு நைட்ரஜன்கள் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும், நண்டின் கொடுக்கு மாதிரி. அந்தக் கொடுக்குக்குள் ஒரு உலோக அயனி உட்காரும்.

இப்போது குப்ரஸ் அயனியைப் பாருங்கள், அதாவது ஒரு எலக்ட்ரானை இழந்த தாமிரம். அதன் அணைவு எண், அதாவது அது பிடிக்கும் இடங்களின் எண்ணிக்கை, பெரும்பாலும் நான்கு, வடிவம் நான்முகி. ஒரு பினந்த்ரோலின் இரண்டு இடங்களைப் பிடித்துவிட்டால் மீதி இரண்டு இடங்களில் இன்னொரு பினந்த்ரோலின் வந்து உட்காரும். நான்முகி என்பதால் இரண்டும் ஒரே தளத்தில் படுக்க முடியாது, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். ஒரு உள்ளங்கையை நிமிர்த்தி, இன்னொன்றைப் படுக்கையாக வைத்து, விரல் இடுக்கில் விரல் இடுக்கைச் செருகிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

முதல் பினந்த்ரோலின் ஏற்கெனவே ஒரு பெரிய வளையத்தின் பகுதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோவாஜின் வளையத்தில் 30 அணுக்கள். இரண்டாவது பினந்த்ரோலின் திறந்த கம்பி, அதன் இரு முனைகளிலும் பீனால் தொகுதிகள். தாமிரம் இரண்டையும் பிடித்ததும் கம்பி தானாகவே வளையத்துக்குள் நுழைந்து நிற்கும். ஒரு முனை வளையத்துக்கு இந்தப் பக்கம், மறு முனை அந்தப் பக்கம். இனி அந்த இரண்டு முனைகளையும் ஒரு நீண்ட பாலிஈதர் துண்டால் இணைத்தால் இரண்டாவது வளையம் மூடிவிடும். முதல் வளையத்தைச் சுற்றிக்கொண்டே மூடும். வேறு வழியே இல்லை.

அப்புறம் தாமிரத்தை எடுத்துவிடலாம். கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் அடித்து, சாரம் கட்டி, இறுகியபின் பிரித்துவிடுகிறோமே, அந்த வேலைதான் தாமிரத்துக்கு. கட்டி முடிந்த வீட்டில் சென்ட்ரிங் பலகை இருக்காது.

ஏன் தாமிரம்? துத்தநாகம், இரும்பு எல்லாம் ஆகாதா?

ஆகும், பின்னால் வருகிறேன். முதலில் தாமிரம் வந்ததற்குக் காரணம் உண்டு. குப்ரஸ் அயனிக்கு டி எலக்ட்ரான்கள் பத்தும் நிரம்பியிருக்கின்றன. அதனால் நான்கு நைட்ரஜன்களை நான்முகியாக வைத்துக்கொள்வதில் அதற்குத் தகராறு இல்லை. ஈனியைச் சட்டென்று பிடிக்கும், தவறாகப் பிடித்தால் விட்டுவிட்டுச் சரியாகப் பிடிக்கும். இந்த "விட்டுப் பிடிக்கும்" குணம் முக்கியம். ஆனால் மூடும் வினை நடக்கும் மணிக்கணக்கான நேரத்தில் மொத்தமாகக் கைவிடாது.

இன்னொன்றும் உண்டு. பினந்த்ரோலினின் இரு ஓரங்களிலும் பினைல் தொகுதிகள் இருப்பதால் தாமிரம் நான்கு பக்கமும் போர்த்தியபடி இருக்கிறது. இன்னொரு எலக்ட்ரானையும் இழந்து குப்ரிக் ஆக மாறினால் அது தட்டையாகவோ ஐந்தாவது ஈனியோடோ இருக்க விரும்பும். இந்த நெருக்கத்தில் அதற்கு இடமில்லை. அதனால் சாதாரணமாகக் காற்றில் பச்சையாகிப் போகும் குப்ரஸ், இங்கே சாதுவாக இருக்கிறது.

சோவாஜ் கேட்டினேன் செய்யத்தான் கிளம்பினாரா?

இல்லை. அவருடைய குழு அப்போது சூரிய ஒளி ஆற்றல் தொடர்பான ஒளிவேதியியலில் இருந்தது. ருத்தேனியம் அணைவுகள் அந்தத் துறையில் பிரபலம், தாமிரம் மலிவு. அப்படித் தாமிர–பினந்த்ரோலின் அணைவு ஒன்றின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இரண்டு பிறைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன, முனைகளைச் சேர்த்தால் சங்கிலி ஆயிற்றே என்று தோன்றியது. அவர் பெரிய வளைய மூலக்கூறுகளில் பேர்பெற்ற ழான்-மரி லேனிடம் ஆய்வு செய்தவர். பெரிய வளையங்களை மூடும் கைப்பழக்கம் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் கூடியது அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், ஆனால் படத்தைப் பார்த்த எத்தனையோ பேருக்கு அது தோன்றவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பார்க்க எப்படி இருக்கும்?

நிறம்தான் எல்லாம். வளையம் நிறமில்லாத திண்மம். அதன் கரைசலில் குப்ரஸ் உப்பை, பெரும்பாலும் அசிட்டோநைட்ரைல் சேர்ந்த உப்பை, ஆர்கான் வாயுவுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் ஆரஞ்சாகும். அதில் கம்பியின் கரைசலை விடுவீர்கள். விட்ட இடத்திலேயே கருஞ்சிவப்பு. குடுவையைச் சுழற்றுவதற்குள் முழுதும் அப்படி ஆகிவிடும். கோத்தாயிற்று. முதல் முறை பார்த்தபோது, இவ்வளவுதானா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது எனக்கு. வாஸர்மேன் தவம் கிடந்த காரியம் இங்கே ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடுகிறது.

கஷ்டம் அடுத்த படியில். முனைகளை மூட வேண்டும். டி.எம்.எஃப். கரைப்பானில் சீசியம் கார்பனேட் போட்டு, மிதமாகச் சூடாக்கி, டை-அயோடைடு பாலிஈதரை மிக மெல்லச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மூலக்கூறின் முனை அடுத்த மூலக்கூறின் முனையோடு சேர்ந்து பிசுபிசுப்பான பாலிமர் ஆகிவிடும். அதனால் கரைசல் நீர்த்ததாக இருக்க வேண்டும், சேர்ப்பது மணிக்கணக்கில் நடக்க வேண்டும். பிறகு கலவையைப் பிரித்தெடுக்கும் குரோமட்டோகிராஃபி. சிலிக்காவில் சிவப்புப் பட்டை ஒன்று இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இந்த வேலையின் சில சந்தோஷங்களில் ஒன்று.

எவ்வளவு கிடைத்தது?

மேலே சொன்ன வழியில், அதாவது ஒரு வளையம் தயாராக இருக்க இரண்டாவதை மட்டும் மூடும்போது, 42 சதவீதம். இரண்டு கம்பிகளையும் தாமிரத்தில் பிடித்துவைத்து இரண்டு வளையங்களையும் ஒரே குடுவையில் மூடினால் 27 சதவீதம். ஒரு சதவீதத்திலிருந்து இங்கே வந்ததுதான் பெரிய தாவல். 1997இல் அமெரிக்க வேதியியலாளர் கிரப்ஸின் ருத்தேனிய வினையூக்கியைக் கொண்டு, முனைகளில் இரட்டைப் பிணைப்பு வைத்து மூடியபோது 92 சதவீதம் வரை போயிற்று. பிடித்துவைக்கும் வேலை தாமிரத்துடையது, மூடும் வேலை ருத்தேனியத்துடையது.

உலோகத்தை எப்படி எடுப்பது? எடுத்தால் வளையங்கள் கழன்றுவிடாதா?

கழலாது. கோத்தது கோத்ததுதான். சங்கிலியைப் பிடித்திருந்த சாமணத்தை எடுத்தால் சங்கிலி அறுந்துவிடுமா?

எடுக்கப் பொட்டாசியம் சயனைடு. சயனைடுக்கு தாமிரத்தின்மேல் பினந்த்ரோலினைவிடப் பாசம் அதிகம், அதனால் பறித்துக்கொண்டு போய்விடும். சிவப்பு வெளிறிக் கரைசல் நிறமற்றுப் போகும். ஆனால் சாதாரணத் தாமிர அணைவில் இது சட்டென்று நடக்கும், கேட்டினேனில் நேரம் எடுக்கும். வளையங்கள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் சயனைடு உள்ளே நுழையவே சிரமப்படுகிறது. தாமிரம் போனபின் வளையங்கள் சறுக்கி நகர்ந்து, இரண்டு பினந்த்ரோலின்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்விடும். படிக அமைப்பில் இதைப் பார்த்திருக்கிறார்கள். திரும்பத் தாமிரம் விட்டால் மறுபடி சேர்ந்து நின்று சிவக்கும்.

சயனைடைப் பற்றி ஒரு வார்த்தை. அமிலம் அதன் பக்கத்தில் வரவே கூடாது. கழிவுக் குடுவைக்குத் தனி லேபிள். இதில் வேடிக்கை வேண்டாம்.

கோத்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்க்க முடியாதே.

நான் சறுக்கி விழுந்த இடம் இது. ஆய்வு மாணவனாக இருந்தபோது இரண்டு கம்பிகளை ஒரே குடுவையில் மூடும் வழியைச் செய்தேன். மூன்று வாரம். கடைசியில் மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலையில் எதிர்பார்த்த நிறை அப்படியே வந்து நின்றது. ஓடிப்போய் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உடைச்சுப் பாத்தியாப்பா?" என்றார்.

விஷயம் என்னவென்றால், இந்த வழியில் முனைகள் மாறிச் சேர ஒரு வாய்ப்பு உண்டு. முதல் கம்பியின் முனை இரண்டாவது கம்பியின் முனையோடு சேர்ந்தால், இரண்டு சிறு வளையங்களுக்குப் பதிலாக இரட்டிப்பு அளவுள்ள ஒரே பெரிய வளையம் வரும். அணுக்கள் அதே அணுக்கள். நிறையும் துல்லியமாக அதே நிறை. கோப்பு மட்டும் இல்லை.

வித்தியாசம் உடையும்போது தெரியும். பெரிய வளையத்தில் ஒரு பிணைப்பு உடைந்தால் அது நீண்ட கம்பி ஆகும், பிறகு துண்டு துண்டாகத் தேயும், இடையில் எல்லா நிறைகளும் தெரியும். கேட்டினேனில் ஒரு பிணைப்பு உடைந்தாலே அந்த வளையம் நூல்போலக் கழன்று விழுந்துவிடும். முழு நிறையிலிருந்து ஒரே தாவலில் பாதி நிறை, நடுவே ஒன்றுமே இருக்காது. என் குடுவையில் இருந்தது பெரும்பாலும் பெரிய வளையம்தான். அன்று மாலை கேன்டீனில் டீ இனிக்கவில்லை.

இன்னொரு சாட்சி என்.எம்.ஆர்., ஹைட்ரஜன்கள் எந்தச் சூழலில் இருக்கின்றன என்று காட்டும் நிறமாலை. தாமிரம் இருக்கும்போது ஒரு கம்பியின் பினைல் ஹைட்ரஜன்கள் எதிர்ப் பினந்த்ரோலின் தளத்துக்கு நேராக மாட்டிக்கொண்டிருப்பதால் அவற்றின் சிக்னல் வழக்கமான இடத்தைவிட்டு நன்றாக நகர்ந்து தெரியும். ஆனால் கடைசித் தீர்ப்பு எப்போதும் எக்ஸ்-கதிர் படிக அமைப்புதான். படிகம் வளர்ந்தால்.

வேறு உலோகங்களின் கதை?

ஒவ்வொரு உலோகமும் தன் வடிவத்தை எடுத்துவருகிறது. சோவாஜுக்குப் பத்தாண்டு முன்பே, 1973இல், ரஷ்ய வேதியியலாளர் சோகோலோவ் ஆறு இடங்களில் பிடிக்கும் எண்முகி உலோகத்தைச் சுற்றி மூன்று ஈனிகளைப் பிடித்துவைத்து முனைகளைச் சேர்த்தால் முடிச்சு கிடைக்கும் என்று தாளில் எழுதியிருந்தார். எண்முகியைக் கேட்டினேனுக்கு எளிதாக்கியவர் பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் லீ. 2001இல் அவர் குழு மூன்று நைட்ரஜன் கொண்ட ஈனிகளை எடுத்துக்கொண்டது. அப்படி இரண்டு சேர்ந்தால் ஆறு இடமும் நிறைந்துவிடும், இரண்டும் செங்குத்தாக நிற்கும். துத்தநாகம், இரும்பு, நிக்கல், கோபால்ட் என்று இரட்டை நேர்மின் அயனிகள் பலவும் இதற்குச் சரிப்பட்டு வந்தன.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் மக்கோட்டோ ஃபுஜிட்டா செய்தது. மேலே சொன்ன எல்லாவற்றிலும் உலோகம் சாரம், வேலை முடிந்ததும் பிரித்துவிடலாம். ஃபுஜிட்டாவிடம் உலோகமே சுவர். பல்லேடியம் அயனி தளச் சதுர வடிவம். அதன் இரண்டு இடங்களை அடைத்துவிட்டால் மீதி இரண்டும் செங்கோணத்தில் நிற்கும், வளையத்தின் மூலைக்கல் மாதிரி. இந்த மூலைக்கல்லும் பிரிடின் முனைகொண்ட துண்டும் தண்ணீரில் கலந்தால் வளையம் தானாகக் கட்டிக்கொள்ளும். 1994இல் அவர்கள் காட்டியது, செறிவைக் கூட்டினால் அந்த வளையங்கள் தாமாகவே இரண்டிரண்டாகக் கோத்துக்கொள்கின்றன என்பது. மூடிய வளையம் எப்படி இன்னொன்றுக்குள் போகும்? பல்லேடியம்–பிரிடின் பிணைப்பு திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது, அதுதான் ரகசியம். வளையத்தின் வெற்று நடுவில் தண்ணீருக்குப் பதில் இன்னொரு வளையத்தின் பென்சீன் பகுதி உட்கார்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்த ஆண்டே பல்லேடியத்துக்குப் பதில் பிளாட்டினம் போட்டார்கள். பிளாட்டினத்தின் பிணைப்பு அறை வெப்பநிலையில் திறக்காது. உப்புச் செறிவைக் கூட்டி 100 டிகிரிக்குச் சூடாக்கினால் திறக்கும், கோக்கும். ஆறவைத்து உப்பை எடுத்துவிட்டால் பூட்டு விழுந்துவிடும்.

ரோட்டாக்சேனுக்கும் இதே வழிதானா?

அதே வழியும் உண்டு. ஆனால் 2006இல் லீயின் குழு, அப்போது எடின்பரோவில், ஒரு படி மேலே போனது. அதுவரை உலோகம் பிடித்துவைத்தது, மூடும் வினையை வேறு யாரோ செய்தார்கள். இவர்கள் கேட்டது: வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் தாமிரமே வினையூக்கியாகவும் இருந்தால்? கிளிக் வினை என்று பெயர்பெற்ற அசைடு–அல்கைன் சேர்க்கைக்கு குப்ரஸ்தானே வினையூக்கி. வளையத்தின் நடுவே தாமிரம். ஒரு பக்கத்திலிருந்து கடையாணி வைத்த அசைடு வரும், மறுபக்கத்திலிருந்து கடையாணி வைத்த அல்கைன் வரும். இரண்டும் தாமிரத்தில்தான் சந்திக்க முடியும், சந்திக்கும் இடம் வளையத்துக்குள். சேர்ந்த கணமே கோத்தாயிற்று.

இதில் அச்சு உலோகத்தைப் பிடிக்க நிரந்தரமான ஈனி எதுவும் வைத்திருக்க வேண்டியதில்லை. விளைச்சல் 90 சதவீதத்தைத் தாண்டியது. தாமிரம் வேலையை முடித்துவிட்டு அடுத்த வளையத்துக்குப் போகும்படி செய்தால் குறைந்த அளவு தாமிரமே போதும். என் அபிப்பிராயத்தில் 1983க்குப் பிறகு இந்தத் துறையில் வந்த மிகச் சிறந்த யோசனை இதுதான்.

முடிச்சு எப்படிப் போடுகிறார்கள்?

1989இல் சோவாஜும் தீட்ரிஷ்-புஷெக்கரும் இரண்டு பினந்த்ரோலின்களை வரிசையாகக் கொண்ட கம்பிகள் இரண்டை எடுத்து, இரண்டு தாமிர அயனிகளால் முறுக்கிப் பிடித்தார்கள். இரட்டைச் சுருள். முனைகளைச் சரியாகச் சேர்த்தால் மூவிதழ் முடிச்சு. விளைச்சல் 3 சதவீதம். கம்பிகள் பல நேரம் முறுக்கிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாக நின்றுவிட்டதுதான் பிரச்சனை. நடுவில் இருந்த வளையும் இணைப்பை ஒரு பென்சீன் வளையத்தால் மாற்றியதும் 29 சதவீதம் ஆயிற்று. கிரப்ஸ் வினையூக்கியால் மூடியதும் 74. மூன்றிலிருந்து எழுபத்துநான்குக்குப் போக அவர்கள் மாற்றியவை இந்த இரண்டுதான்.

அதன்பின் லீயின் குழு. ஐந்து ஃபெரஸ் (இரும்பு) அயனிகள், நடுவில் ஒரு குளோரைடு, 160 அணுக்கள் கொண்ட ஐயிதழ் முடிச்சு. 2017இல் நான்கு ஃபெரஸ் அயனிகளைச் சுற்றி மூன்று இழைகளைப் பின்னி எட்டுக் குறுக்குகள் (இழை இழையைத் தாண்டும் இடங்கள்) கொண்ட முடிச்சு, 192 அணுக்கள். குறுக்குக்கு 24 அணுக்கள் என்ற கணக்கில் அப்போது அது மிக இறுக்கமான முடிச்சு என்று கின்னஸில் ஏறியது. 2024இல் தங்கம் வந்து அதை முறியடித்தது. மொத்தமே 54 அணுக்கள் கொண்ட மூவிதழ் முடிச்சு, தங்க அயனிகளே இழையின் பகுதி. அதை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை, கலந்தபோது தானாக முடிந்துகொண்டது.

போரோமியன் வளையங்கள் என்று படித்தேனே?

மூன்று வளையங்கள். எந்த இரண்டை எடுத்துப் பார்த்தாலும் அவை கோத்திருக்காது, ஆனால் மூன்றும் சேர்ந்து பிரியாது. ஒன்றை வெட்டினால் மூன்றும் தனித்தனி. இத்தாலியின் போரோமியோ குடும்பச் சின்னத்திலிருந்து வந்த பெயர். 2004இல் ஃப்ரேசர் ஸ்டாடர்ட்டின் குழு லாஸ் ஏஞ்சலிஸில் இதைச் செய்தது. ஆறு துத்தநாக அயனிகள், ஆறு டை-அமீன், ஆறு டை-ஆல்டிஹைடு. பதினெட்டுத் துண்டுகளும் ஒரே குடுவையில் தாமாக இடம் கண்டுபிடித்து உட்கார்ந்தன, கிட்டத்தட்ட முழு விளைச்சலோடு. இமீன் பிணைப்பும் துத்தநாகப் பிணைப்பும் இரண்டுமே திரும்பத் திறக்கக்கூடியவை என்பதால் தப்பாக உட்கார்ந்த துண்டு எழுந்து வேறு இடம் தேடலாம். மேலே தாமிரத்துக்குச் சொன்ன அதே விட்டுப் பிடிக்கும் குணம்.

இவை அசையுமா? மூலக்கூறு இயந்திரம் என்கிறார்களே.

1994இல் சோவாஜின் குழு ஒரு வளையத்தில் பினந்த்ரோலினையும், அதே வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் மூன்று நைட்ரஜன் கொண்ட டெர்பிரிடினையும் வைத்தது. மற்ற வளையத்தில் பினந்த்ரோலின் மட்டும். குப்ரஸ் நான்கு நைட்ரஜன் போதும் என்கும், இரண்டு பினந்த்ரோலின்களோடு உட்காரும். ஓர் எலக்ட்ரானை எடுத்துக் குப்ரிக் ஆக்கினால் அதற்கு ஐந்து வேண்டும். வளையம் சறுக்கிச் சுழன்று டெர்பிரிடினைக் கொண்டுவந்து நிறுத்தும். எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் பழைய இடம். கருஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வேகம்தான் மோசம், ஒரு சுற்றுக்கு மணிக்கணக்கு. அதை வேகப்படுத்தவே பிறகு பல ஆண்டுகள் உழைத்தார்கள்.

2000இல் செய்த மூலக்கூறுத் தசையும் இதே தத்துவம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு துண்டுகள், தாமிரம் இருந்தால் 8.3 நானோமீட்டர் நீளம், அதை எடுத்துத் துத்தநாகம் விட்டால் 6.5.

நோபல் இதற்குத்தானே?

2016 வேதியியல் பரிசு மூலக்கூறு இயந்திரங்களுக்கு. சோவாஜ், ஸ்டாடர்ட், பென் ஃபெரிங்கா மூவருக்கும். ஸ்டாடர்ட்டின் புகழ்பெற்ற வழி உலோகம் இல்லாதது, எலக்ட்ரான் நிறைந்த துண்டும் குறைந்த துண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதை வைத்தது. அவர் 2024 டிசம்பரில் காலமானார். ஃபெரிங்காவின் மோட்டாரில் கோப்பு எதுவும் இல்லை.

இதனால் என்ன பயன்?

இந்தக் கேள்வி வரும்போது பலர் மருந்து, கணினி என்று அடுக்குவார்கள். நேர்மையாகச் சொன்னால், உலோகம் கொண்டு கோத்த மூலக்கூறு எதையும் நீங்கள் கடையில் வாங்கியிருக்க மாட்டீர்கள். கோத்த மூலக்கூறுகள் சில பூச்சுகளிலும் ஜெல்களிலும் வந்திருக்கின்றன, ஆனால் அவை சர்க்கரை அலகுகளால் ஆன சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையங்கள், தாமிரத்தின் வேலை இல்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் சுவாரஸ்யமானவை உண்டு. ஐயிதழ் முடிச்சின் நடுக்குழி குளோரைடை அபாரமாகப் பிடித்துக்கொள்கிறது. 2013இல் லீயின் குழு செய்த ரோட்டாக்சேனில் வளையம் அச்சு வழியே நகர்ந்து, வழியில் இருக்கும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகப் பறித்து வரிசை மாறாமல் கோக்கிறது. நம் செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் ஒரு விநாடியில் பல அமினோ அமிலங்களைச் சேர்க்கும். இது மூன்றைச் சேர்க்க ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இயற்கையில் உண்டா?

நிறைய. வளைய டி.என்.ஏ. நகலாகும்போது தாயும் பிள்ளையும் கோத்துக்கொண்டுதான் பிறக்கின்றன, ஒரு நொதி வெட்டிப் பிரித்து ஒட்டுகிறது. காலா அசார் நோய்க் கிருமியான லீஷ்மேனியாவின் உள்ளே ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. வளையங்கள் இரும்புக் கவசச் சட்டைபோலக் கோத்துக் கிடக்கின்றன.

இந்தியாவில் இந்த வேலை நடக்கிறதா?

நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் திலீப் குமார் சந்த், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பார்த்தசாரதி முகர்ஜி ஆகியோரின் குழுக்கள் பல்லேடியம் போன்ற உலோகங்களைக் கொண்டு தாமாகக் கட்டிக்கொள்ளும் கூடு மூலக்கூறுகளில் நீண்ட காலமாக வேலை செய்கின்றன.

வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

எலக்ட்ரிக் கடையில் சிவப்பும் கறுப்புமாக ஒவ்வொரு முழம் ஒயர் வாங்குங்கள். பக்கம் பக்கமாக வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக முறுக்குங்கள். எத்தனை குறுக்கு விழுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு முறுக்கிய கயிற்றை வட்டமாக வளைத்து, கயிற்றின் ஒரு நுனியில் இடப்பக்கம் இருக்கும் ஒயரை மறு நுனியில் இடப்பக்கம் இருக்கும் ஒயரோடும், வலப்பக்க ஒயரை வலப்பக்க ஒயரோடும் டேப் போட்டு ஒட்டுங்கள்.

இரண்டு குறுக்கு என்றால் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்து இரண்டு கண்ணிகள், சோவாஜின் 1983. மூன்று குறுக்கு என்றால் சிவப்பின் முனை கறுப்போடு போய்ச் சேரும், ஒரே வளையம், 1989இன் முடிச்சு. நான்கு என்றால் மறுபடி இரண்டு வளையங்கள், இரட்டைக் கோப்பு. ஐந்து என்றால் ஐயிதழ். முறுக்கு அவிழாமல் இருக்க நடுவில் ஒரு கிளிப் போட்டுக்கொள்ளுங்கள், ஒட்டி முடித்தபின் எடுத்துவிடலாம். அந்தக் கிளிப்தான் தாமிரம்.